படிக்காமல் விட்ட பக்கங்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலை ஆறரை மணிக்கு வெப்பம் பதினொரு டிகிரி. மூடுபனி. வல்லிக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 162.

நேற்று மதுரையிலிருந்து கொடைக்கானல் திரும்பினோம். மலைப்பாதையில் வல்லி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வளைவுகள்தான் காரணம் என்றேன். "இருக்கும்" என்றாள். நாற்பது வருடமாக இதே வளைவுகளில் ஏறி இறங்குகிறவள்.

பரிசோதனை அறிக்கை கிடைத்துவிட்டது. கணையத்தில் கட்டி. புற்றுநோய். இதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று மகள் மங்கை முடிவு செய்திருக்கிறாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா பாதி உசுரு அங்கயே போயிரும்ப்பா. சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாயிரும்னு சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்." மங்கை கோயம்புத்தூரில் கல்லூரிப் பேராசிரியை. அவள் அந்தக் குரலில் பேசும்போது எனக்கு மறுத்துப் பேச வராது. இருபத்து நான்காம் தேதி அறுவைக்குச் சேர வேண்டும்.

மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தபோது, "என்ன போட்டிருக்கு, படிங்க" என்று வல்லி கேட்டாள். சர்க்கரை அவள் விழித்திரையைக் கெடுத்து இரண்டு வருடமாகிறது. எதுவானாலும் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். படித்தேன். சாரத்தைச் சொன்னேன்.

அறிக்கை இருந்த உறையை எங்கே வைப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில், நான் வல்லிக்குப் படித்துக்காட்டும் 'அடியிலி' நாவலின் மூன்றாம் பாகத்துக்குள், நூறாம் பக்கத்தில் வைத்தேன். நாங்கள் இன்னும் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறோம்.

நவம்பர் 5, புதன்

இந்த நாவலைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். எழுதினால் பயம் குறையுமா என்று பார்க்கிறேன்.

அம்பலத்தரசு நாற்பது வருடம் குடும்பக் கதைகள் எழுதியவர். வல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில், அழைப்பு வராத நேரங்களில் அவற்றைப் படிப்பாள். எழுபத்தெட்டு வயதுக்கு மேல் அவருக்கு என்ன தோன்றியதோ, யாரும் எதிர்பாராமல் 'அடியிலி'யை எழுத ஆரம்பித்தார். மூன்று பாகம், ஆயிரத்து இருநூறு பக்கம். உப்பூரணி என்று ஒரு கடலோர ஊர். வறட்சியில் ஊர்க் கிணற்றைத் தூர் வார மாடக்கண்ணு என்பவன் கயிற்றில் இறங்குகிறான்.

"கீழே சேறு இல்லை. காலை எட்டி வைத்தான். கால் எதிலும் படவில்லை. குனிந்து பார்த்தபோது அடியில் விண்மீன்கள் இருந்தன. அவை மேலே இருப்பவை அல்ல."

இது முதல் பாகத்தின் பதினேழாம் பக்கம். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வல்லிக்கு அன்றிலிருந்துதான் சுவாரஸ்யம். தினமும் மூன்று மணிக்குப் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "ம், கிணத்தடிக்குப் போவமா?" என்கிறாள், ஏதோ சந்தைக்குக் கூப்பிடுவதைப்போல.

அந்த அடிவெளியில் ஏதோ ஒன்று நகர்கிறது. அதற்குப் பெயர் இல்லை, முகம் இல்லை. அது ஊரைத் தின்ன வரவில்லை. வேறெங்கோ போகிற வழியில் ஊருக்கு அடியில் கடக்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்தவர்கள் வீடு திரும்பாமல் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பயம் குறையவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. சர்க்கரை 171. இரண்டாம் பாகம், பக்கம் 212 முதல் 240 வரை. விட்டது ஒன்றரைப் பக்கம்.

நவம்பர் 8, சனி

வியாழக்கிழமைக் குறிப்பில் 'விட்டது' என்று எழுதியிருக்கிறேன். அதை விளக்க வேண்டும். இந்த நோட்டில் பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

முப்பத்தொரு வருடம் சூரிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தைத் தாளில் விழச் செய்து, அதிலுள்ள கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைவது என் வேலை. தினமும் ஒரு தாள். சேர்ந்த முதல் நாளே தலைமை அதிகாரி இரண்டு விதிகளைச் சொன்னார். காணாததை வரையக் கூடாது. கண்டதை விடக் கூடாது. மேகம் மூடிய நாளில் வட்டத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் 'மேகம்' என்று எழுத வேண்டும். நான் ஒரு புள்ளியையும் விட்டதில்லை. கடுகளவு புள்ளியைக்கூட.

நாவலில் விட்டுவிட்டேன். மாடக்கண்ணுவின் மனைவி செம்பவளம், கணவன் போன அதே கிணற்றில் தானே இறங்கும் இடம் அது. யாரும் அவளைத் தள்ளவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குகிறாள். நடுவில் ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார். பக்கத்தைத் திருப்பி, அடுத்த அத்தியாயத்திலிருந்து படித்தேன். வல்லிக்குத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நோயாளிக்கு இதெல்லாம் வேண்டாம் என்ற எண்ணத்தில்தான் விட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

என் தங்கை தெய்வானை வத்தலக்குண்டிலிருந்து வந்தாள். இரண்டு சீப்பு மலைவாழை, ஒரு பொட்டலம் திருநீறு. மங்கை அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். வந்ததும் வராததுமாக வல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். நான் பின்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினேன்.

"சளி புடிச்சிருக்கு அண்ணி" என்று மூக்கைத் துடைத்தாள். பிறகு ஒரு ஜோசியரைப் பற்றி ஆரம்பித்தாள். "நம்ம குடும்பத்துல ஒரு சாபம் இருக்காம் அண்ணி. யாரோ ஒரு பொம்பளைக்கு நம்ம முன்னோர் செஞ்ச பாவம், இப்ப ஒங்க மேல வந்து நிக்கிதாம். பரிகாரம் செஞ்சாப் போயிருமாம்."

"அந்தப் பாவத்துக்கு வேற அட்ரஸே கிடைக்கலியா?" என்றாள் வல்லி.

தெய்வானை கட்டிலில் கிடந்த புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தாள். கறுப்பு அட்டை, நடுவில் வட்டமாக ஒரு கிணறு. சட்டென்று கீழே வைத்தாள். "ஒடம்பு சரியில்லாத ஆளு இருக்குற வீட்ல பேய்க் கதையா படிப்பாங்க? ஏண்ணே, ஒனக்காவது புத்தி வேணாம்?"

"பேய் இல்ல தெய்வானை" என்றாள் வல்லி. "பேய்க்கு நம்ம மேல ஒரு பகை இருக்கும். நீ சொல்ற சாபத்துக்கும் இருக்கு. இதுக்கு அதெல்லாம் கிடையாது. நம்ம இருக்கோம்னே இதுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அது போகுது. குறுக்க நம்ம கிடக்கோம்."

"அது இன்னும் பயங்கரமால்ல இருக்கு?"

"எனக்கு அதுதான் ஆறுதலா இருக்கு. நான் ஒரு தப்பும் பண்ணல பாரு."

தெய்வானைக்குப் புரியவில்லை. அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. சின்னக் கட்டிதான் என்று நம்புகிற ஒருத்திக்கு எதற்கு ஆறுதல் தேவைப்படுகிறது? கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

நவம்பர் 11, செவ்வாய்

நகராட்சித் தண்ணீர் வரும் நாள். வாசலில் இருக்கும் நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து, மூங்கில் குச்சியை விட்டு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பதினைந்து வருடமாக நான் செய்யும் வேலை.

இன்று மூடியை அரை அடி மட்டும் நகர்த்தினேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு குச்சியை இறக்கினேன். குச்சி இறங்கிக்கொண்டே போனது. அடியைத் தொடவில்லை. முழங்கை வரை இறக்கினேன். தொடவில்லை. குச்சியைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

உட்கார்ந்து யோசித்தேன். தொட்டி ஆறடி ஆழம். குச்சி நாலரை அடி. எப்போதும் மூடியை முழுக்கத் திறந்து, குனிந்து, கையைத் தோள்வரை விட்டுத்தான் அளப்பேன். முழங்கை வரை விட்டால் தொடாது. கணக்கு மிகச் சரியாக இருந்தது. இருந்தும் குச்சியை எடுக்க வெளியே போகவில்லை.

"குச்சி எங்க?" என்று வல்லி கேட்டாள். தொட்டிக்குள் விழுந்துவிட்டது என்றேன்.

"மாடக்கண்ணு வாங்கிக்கிட்டானாக்கும்" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் குனிந்திருந்தாள்.

நவம்பர் 13, வியாழன்

சர்க்கரை 180. வலி மாத்திரை இரண்டாகிவிட்டது.

இரண்டாம் பாகம், பக்கம் 361. கிணற்றைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் இறங்கிப் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் இடம். கவனமில்லாமல் படித்துக்கொண்டே போய் செம்பவளத்தின் பெயரையும் படித்துவிட்டேன்.

"நில்லுங்க" என்றாள் வல்லி. "செம்பவளம் எப்ப இறங்குனா?"

"இடையில எங்கயோ வந்துச்சே."

"வரல."

"நீ தூங்கியிருப்ப."

"முப்பத்தி மூணு வருஷம் எக்ஸ்சேஞ்சுல உக்காந்திருந்தவ நான். லைன்ல ஆள் இருக்கா, வச்சிட்டாங்களான்னு மூச்ச வச்சே சொல்லிருவேன். போன வியாழக்கிழமை ஒரு பக்கம் திருப்புனீங்க. திருப்புற சத்தம் கேட்டுச்சு, குரல் வரல. திரும்பவும் ஒரு சத்தம். அப்புறம் சம்பந்தமில்லாம உப்பளத்துலேருந்து ஆரம்பிச்சீங்க. சரி, மனுசன் பயந்துட்டாருன்னு விட்டுட்டேன். இப்ப எடுத்துப் படிங்க."

படித்தேன். குரல் உடைந்து உடைந்து வந்தது. சாவியைக் கொடுக்கும் இடத்தில் வல்லி கண்ணை மூடிக்கொண்டாள். முடித்ததும், "இதப் போயா விட்டீங்க? இந்த ரெண்டு பாகத்துலயும் இதுதாங்க நல்ல இடம்" என்றாள்.

நவம்பர் 15, சனி

இரண்டாம் பாகம் முடிந்தது. நாளை மூன்றாம் பாகம் தொடங்க வேண்டும். வல்லி குளிக்கப் போன நேரத்தில் உறையை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன்.

நூறாம் பக்கத்தில் உறை இல்லை.

பக்கங்களைப் புரட்டினேன். இல்லை. தலைகீழாகப் பிடித்து உதறினேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி எதிர்வீட்டை மறைத்திருந்தது. உலகத்தில் இந்த அறை மட்டும்தான் மிச்சம் என்பதுபோல் இருந்தது. கடைசியில் முன்னட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் பார்த்தேன். அங்கே இருந்தது. மடிப்புக் கலையாமல், யாரோ நேராக நிமிர்த்தி வைத்தது போல்.

நான் நூறாம் பக்கத்தில்தான் வைத்தேன். மேலே நான்காம் தேதிக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. என் ஞாபகம் தவறியிருக்கலாம். எழுதியதே தவறாக இருக்கலாம். எழுபத்திரண்டு வயதாகிறது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. உறையை இருந்த இடத்திலேயே விட்டு மூடிவிட்டேன். எடுத்து ஒளித்திருக்கலாம். அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

எனக்குத் தொண்டை வலி என்று சொன்னேன். படிக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மூன்று மணி. பனி கண்ணாடிவரை வந்திருந்தது. வல்லி தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தாள். நான் மூன்றாம் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமல் இருந்தேன்.

"மொதல்ல அதப் படிங்க" என்றாள்.

"எதை?"

"அட்டைக்குள்ள இருக்குறத. புதுப் புத்தகம் வாசனையா இருக்கும்னு மோந்து பாக்க எடுத்தேன், ஆஸ்பத்திரி கவர் தட்டுப்பட்டுச்சு. நீங்க தேட வேணாமேன்னு முன்னாடி எடுத்து வச்சேன்."

முன்னட்டையைத் திறந்து உறையை எடுத்தேன்.

"மொதப் பக்கத்த அன்னைக்கே படிச்சிட்டீங்க. பேரு, வயசு, ரத்தத்துல உப்பு, சர்க்கரை எல்லாம் ஒழுங்காப் படிச்சீங்க. ரெண்டாவது பக்கத்தத் திருப்புனீங்க. குரல் வரல. அப்புறம் சின்னக் கட்டின்னீங்க. செம்பவளம் இறங்குனப்ப கேட்டுச்சே, அதே சத்தம்."

"மங்கைதான் சொல்ல வேணாம்னா..."

"அவளுக்கு அம்மா வேணும். அவ அப்பிடித்தான் சொல்லுவா. நீங்க ஏன் விட்டீங்க?"

உன் நன்மைக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். எட்டாம் தேதி இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். வாயில் அது வரவில்லை.

"பயமா இருந்துச்சு வல்லி."

"தெரியும். நாப்பத்தஞ்சு வருஷமாத் தெரியும். ராத்திரி வானம் பாக்குற வேலைக்குப் பதவி உயர்வு குடுத்தப்ப, சளித் தொந்தரவுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தீங்களே, அப்பயே தெரியும். பயத்தோடயே படிங்க. நான் என்ன பயமில்லாமயா கேக்குறேன்?"

படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே படித்து, பிறகு தமிழில் சொன்னேன். கணையத்தின் தலைப்பகுதியில் மூன்றரை சென்டிமீட்டர் கட்டி. புற்றுநோய் அணுக்கள் உறுதி. கல்லீரலில் இரண்டு சிறு புள்ளிகள். அவை என்ன என்று இந்தப் பரிசோதனையில் தெளிவாகவில்லை. தேதி. மருத்துவர் கையெழுத்து. பக்கத்தின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணைக்கூடப் படித்தேன்.

டாக்டர் எங்களிடம் வாயால் சொன்னதையும் சொன்னேன். வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பரவியிருந்தால் அப்படியே மூடிவிடுவார்கள். பரவவில்லை என்றால் எட்டு மணி நேர அறுவை, ஒரு மாதம் படுக்கை. அதற்குப் பிறகு எவ்வளவு காலம் என்று அவர் உறுதி சொல்லவில்லை. 'அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?' என்று டாக்டர் கேட்டார். சொல்லிவிட்டோம் என்று மங்கை சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். அதையும் சொன்னேன்.

வல்லியின் கை போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

"சூரியன்ல புள்ளி போடுவீங்களே" என்றாள். "போடும்போதே தெரியுமா, அது வளருமா அழியுமான்னு?"

"தெரியாது. மறுநாள் பாத்தாத்தான்."

"ம். அப்ப நாளைக்கு மங்கைக்கு ஒரு போனப் போட்டுக் குடுங்க."

பிறகு அழுதாள். சத்தமில்லாமல், கொஞ்ச நேரம்தான். முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "ஒரு அத்தியாயமாவது படிங்க. இல்லாட்டி இதையே நெனச்சிக்கிட்டிருப்பேன்" என்றாள்.

மூன்றாம் பாகம், பக்கம் 1 முதல் 14 வரை.

நவம்பர் 18, செவ்வாய்

வல்லி மங்கையிடம் நாற்பது நிமிடம் பேசினாள். அந்தப் பக்கம் மங்கை கத்துவது அறைக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. "அப்பாவ நம்பி ஒரு விஷயம் சொன்னேன் பாரு!" என்றாள். வல்லி, "அவரத் திட்டாத. அவரு ஆயுசுல மொதத் தடவையா ஒரு கிணத்துல இறங்கியிருக்காரு" என்றாள்.

எனக்கு அவமானமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று தெரியவில்லை.

நவம்பர் 24, திங்கள்

மதுரை. மங்கையும் நானும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். வல்லி தனியாக டாக்டரிடம் பேசினாள். இருபத்தைந்து நிமிடம். அந்த நேரம் முழுவதும் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பும், ஆனால் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள் என்று ஒரு எண்ணம் வந்து, போக மறுத்தது.

வல்லி வெளியே வந்தாள். மங்கையின் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். "தெறக்க வேணாம்னு சொல்லிட்டேன். வலிக்கு மருந்து தர்றாங்க. வீட்லயே இருந்துக்கறேன்."

"ஏம்மா? ஒரு வாய்ப்பு இருக்குல்ல?"

"இருக்கு. எவ்வளவுன்னு கேட்டேன், டாக்டர் மறைக்காமச் சொன்னாரு. கேட்டுட்டுத்தான் சொல்றேன் மங்கை. யாரும் என்னையத் தள்ளல."

மங்கை அங்கேயே, எல்லோரும் பார்க்க, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒன்பது வயதுக்குப் பிறகு அவள் என்னிடம் அழுதது இதுதான். அவள் முதுகில் கையை வைத்திருந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

காலை வெப்பம் ஒன்பது டிகிரி. சர்க்கரை 158. புதிய மருந்தில் வல்லி ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். மங்கை ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இட்லி சுடுகிறாள், கல் மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் திட்டு வாங்குகிறாள்.

தண்ணீர் வரும் நாள். தொட்டி மூடியை முழுவதும் தள்ளித் திறந்தேன். குனிந்து பார்த்தேன். தண்ணீர், ஏறக்குறைய மூன்றடி. என் மூங்கில் குச்சி அதில் மிதந்தது. குச்சிக்குப் பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை. தலைக்குப் பின்னால், மிக ஆழத்தில், மேகம்.

பயம் போய்விடவில்லை. பார்க்க வேண்டிய நேரம் முழுவதும் பார்த்துவிட்டு, குச்சியை எடுத்துக்கொண்டு மூடினேன்.

மூன்று மணிக்குக் கடைசி அத்தியாயம். கட்டிலுக்குக் கீழே மங்கை பாய் விரித்து உட்கார்ந்தாள். இந்தக் கதையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறாளாம். முடிவில் அந்தப் பெயரில்லாதது ஊரைக் கடந்து போய்விடுகிறது. எதையும் அழிக்கவில்லை, யாரையும் திருப்பித் தரவில்லை. கிணற்றில் கயிறு மட்டும் தொங்குகிறது. அந்த இடத்தில் என் குரல் நின்றது. வல்லி பேசாமல் காத்திருந்தாள். மூச்சு விட்டுக்கொண்டு மேலே படித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"நல்லா முடிச்சிருக்காரு மனுசன்." கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு மொதப் பாகத்துலேருந்து இன்னொரு தடவ ஆரம்பிங்க" என்றாள்.

மூன்றாம் பாகம், பக்கம் 377 முதல் 412 வரை. விட்டது எதுவும் இல்லை.